நகர மேம்பாட்டுப் பணமும் உழவர் சந்தையும்

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழகத்தின் 11 நகரங்கள் இடம்பெற்றன. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசின் பங்கு மட்டும் 500 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பேருந்து நிலையங்கள் புதிதாயின, பல அடுக்கு வாகன நிறுத்தங்கள் எழுந்தன, குளக்கரைகளில் நடைபாதை வந்தது. தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டைக்கூடப் புதிதாகக் கட்டினார்கள். நல்லதுதான். ஆனால் மாநகராட்சி மார்க்கெட் என்றால் கடைகளை ஏலம் விட்டு வாடகை வாங்கும் இடம். தன் வயலில் விளைந்த நாலு கூடை கத்தரிக்காயோடு வரும் விவசாயி அந்த ஏலத்தில் என்ன கேட்பார்?

அவருக்கென்றே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை உண்டு, தராசு உண்டு, வாடகை கிடையாது, தரகர் கிடையாது. மொத்த விலையை விடக் கூடுதலாகவும் கடை விலையை விடக் குறைவாகவும் விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். 2001-இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்ற திட்டம் இது.

சிக்கல் இதுதான்: சந்தை வேளாண் விற்பனைத் துறையின் கையில், வாசலில் இருக்கும் சாலையும் சாக்கடையும் மாநகராட்சியின் கையில். நகரை அழகுபடுத்தப் பணம் வரும்போது சந்தை 'விவசாயக் கணக்கு' ஆகிவிடுகிறது. காலையில் ஊரின் நடுவே அத்தனை பேரைத் திரட்டும் இடம் நகர வளர்ச்சி இல்லையென்றால் வேறு எது?

கீரைக்காரம்மாவைப் பாருங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடி, நிமிடத்துக்கொரு முறை தண்ணீர் தெளிப்பார். வெயில் ஏறினால் முளைக்கீரை துவண்டுவிடும். பிறகு கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஒழுங்கான கூரை, ஒரு சிறிய குளிர்பதன அறை, இருட்டில் ஊரிலிருந்து கிளம்பி வரும் பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை. ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் செலவில் எத்தனை சந்தைகளுக்கு இதைச் செய்யலாம்!

விவசாயி அட்டையில் வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள் என்பார்கள். நுழைகிறார்கள்தான். அதற்கு அட்டையைச் சோதியுங்கள். சந்தையைப் பட்டினி போடாதீர்கள். வாசலுக்கு வெளியே தரையில் கடை விரிப்பவர்களையும் விரட்ட வேண்டாம், அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டமே இருக்கிறது.

தி.நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காகச் சாலையையே குறுக்கிக் காட்டினார்கள். சந்தை வாசலில் காலை நேரத்துக்கு மட்டும் கார்களைத் தள்ளி நிறுத்தச் சொல்வது அதைவிடப் பெரிய வேலையா?