‘மற்றும் உடன் பயணிப்போர்’

நமது வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரைப் புரட்டியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது தெரியும். காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரைப் பற்றிய ‘டாக்டர் ஹூ’ என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரின் பதின்மூன்றாவது டாக்டரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த தொகுப்பில் அவருடைய பெயர் மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது. அவரோடு பயணிக்கும் யாஸ், கிரஹாம், ரையன், டான் ஆகிய நால்வரும் ‘மற்றும் உடன் பயணிப்போர்’ என்ற ஒற்றை வரிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கம் போதவில்லையாம். வாழ்த்துச் செய்திகளுக்கும் வர்க்கிக் கடை விளம்பரங்களுக்கும் மட்டும் பக்கம் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியபோதே கதை டாக்டரிடமிருந்து தொடங்கவில்லை. விந்தையான ஒரு மாணவியைப் பின்தொடரும் பார்பரா, இயன் என்ற இரண்டு ஆசிரியர்களின் கண்வழியாகத்தான் நாம் டாக்டரின் காலப்பயண ஊர்தியான அந்த நீலப் பெட்டிக்குள் நுழைகிறோம். 2018இல் ஜோடி விட்டேக்கர் பதின்மூன்றாவது டாக்டராக வந்தபோதும் இதுவே நடந்தது. முதல் கதையிலேயே ரையனின் பாட்டி கிரேஸ் இறந்துவிடுகிறார். அவருடைய இரண்டாம் கணவரான கிரஹாமைப் பேரன் ரையன் ‘தாத்தா’ என்று அழைப்பது ஒன்பதாவது கதையில்தான். இந்த இருவரையும் நீக்கிவிட்டு அந்த ஆண்டைப் பதிவு செய்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

விட்டேக்கர் காலத்துக் கதைகளே சுமார்தானே என்பீர்கள். சில சுமார்தான், மறுக்கவில்லை. அதற்காக மாந்தர்களின் பெயரை வெட்டுவதா? கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துத் தொடருக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு, அதன் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்பதைச் சொல்லி வைக்கிறேன். அதைவிட முக்கியமானது, யாஸ் தன் பாட்டி உம்ப்ரீனின் இளமையைத் தேடி 1947 ஆகஸ்டு பஞ்சாபுக்குப் போகும் கதை. உம்ப்ரீன் மணந்த பிரேம் என்ற இந்து இளைஞர், சொந்தத் தம்பி வரவழைத்த கும்பலால் கொல்லப்படுகிறார். வரலாற்றை மாற்ற முடியாத டாக்டர் விலகி நடக்கிறார். அது யாருடைய கதை? டாக்டருடையதா, யாஸுடையதா?

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர் என் அப்பாயி. எங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய தாளில் தாத்தாவின் பெயர் முழுதாக இருக்கிறது, அதன் கீழே ‘குடும்பத்தினர்’ என்று மட்டும். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறார். கற்பனை மாந்தர்களோடு அப்பாயியை ஒப்பிடலாமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

அறுபதுகளின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவற்றின் ஒளிப்படிவம் பிபிசியிடமே இல்லாமல் போயிற்று; அவற்றின் ஒலி மட்டும் எஞ்சியிருப்பது, வீட்டில் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிந்துவைத்த சாதாரண ரசிகர்களால். நமது ஆசிரியர் குழு அன்று அவர்களிடமும் பக்கக் கணக்குப் பேசியிருக்கும் போலும். 2022 அக்டோபரில் விட்டேக்கர் விடைபெற்ற கதையில், 1965இல் தொடரை விட்டுப் போன இயனாக அதே வில்லியம் ரஸ்ஸல் 57 ஆண்டுகள் கழித்து வந்து, டாக்டரின் பழைய தோழர்களோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே ஒரு நாற்காலி போட இடம் இருந்தது.

நால்வரின் குறிப்புகளும் பெயரோடு அடுத்த மலரில் அச்சாகும் என்று எழுத்தில் உறுதி தரும்வரை, என் தொகுப்பின் மிச்சப் பகுதியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.