தராசில் 135, ரிங்குக்குள் எவ்வளவு?

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் லோமசென்கோ பேச்சை எடுத்தாலே என் நண்பன் ஒருவன் ஒரே பல்லவிதான் பாடுவான். "அவன் உடம்பு சின்னதுடா. பெரிய பசங்களோட மோத விட்டுட்டாங்க." நேற்று டீக்கடையிலும் அதேதான். 2020இல் தியோஃபிமோ லோபஸிடம் தோற்றதற்கும் அதே காரணம், 2023இல் டெவின் ஹேனியிடம் தோற்றதற்கும் அதே காரணம். அரை மணி நேரம் நின்றபடியே வாக்குவாதம். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அங்கே அவன் என்னைப் பேச விடவில்லை, அதனால் இங்கே.

உடம்பு அளவு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல வருடங்களுக்கு முன் கொஞ்ச நாள் பாக்ஸிங் பழகினேன். என்னைவிட எட்டு கிலோ கூடுதலான ஒரு பையனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சி மோதல், விட்டார்கள். குத்து பலமாக விழும் என்று பயந்துகொண்டே போனேன். குத்து அப்படி ஒன்றும் இல்லை. இரண்டாவது ரவுண்டில் கட்டிப்பிடித்துத் தன் நெஞ்சை என் பிடரி மேல் சாய்த்தான் பாருங்கள், எட்டு கிலோ என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. தள்ளி நிமிர்வேன், மறுபடி சாய்வான். மூன்றாவது ரவுண்டில் தொடை நடுங்கியது, கை தோளுக்கு மேல் எழவில்லை.

லோமசென்கோ இந்த இருவரோடும் மோதிய லைட்வெயிட் வகுப்பின் எடை வரம்பு 135 பவுண்டு, 61.2 கிலோ. ஆனால் அந்த எடை, முந்தின நாள் தராசில் நிற்கும் சில நொடிகளுக்கு மட்டும்தான் உண்மை. உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்துவிட்டு ஏறுவார்கள், இறங்கியதும் குடிக்கவும் சாப்பிடவும் ஆரம்பிப்பார்கள். மறுநாள் இரவுக்குள் ஏறுகிற எடை ஆளுக்கு ஆள் வேறு. 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்துரோ காட்டியும் ஜோயி கமாஷும் மோதினார்கள். கமாஷ் முன்னாள் லைட்வெயிட் சாம்பியன். ஒப்பந்த எடை 141 பவுண்டு. சண்டை இரவில் எச்பிஓ தொலைக்காட்சி எடை போட்டுப் பார்த்தபோது கமாஷ் 145, காட்டி 160. இரண்டாவது ரவுண்டில் விழுந்த கமாஷ் அதோடு சரி, பிறகு ரிங் ஏறவே இல்லை.

தராசு விஷயத்தில் கூத்தும் உண்டு. 2005 அக்டோபரில் டியேகோ கொரால்ஸோடு இரண்டாம் முறை மோதும் முன், ஹோசே லூயிஸ் காஸ்டிலோ எடை மேடையில் ஏறுகிறார். அவர் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடைக்கு அடியில் காலைக் கொடுத்து நைசாகத் தூக்கிப் பிடிக்கிறார்! நம்மூர் காய்கறிக் கடையில் விரலால் செய்வதை அங்கே காலால் செய்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டார்கள். நிஜ எடை 138.5, வரம்பு 135. பட்டம் பணயத்தில் இல்லாமலே சண்டை நடந்தது, நான்காவது ரவுண்டில் கொரால்ஸ் விழுந்தார்.

என் நண்பன் கட்சிக்கே பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2014இல் ஒர்லாண்டோ சாலிடோ 126 பவுண்டு வரம்பைத் தாண்டி வந்தார், தராசிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் ரிங்கில் அவர் 147, லோமசென்கோ 136. லோமசென்கோவுக்கு அது தொழில்முறையில் இரண்டாவது சண்டை. ஒரு நடுவர் அவர் பக்கம், இருவர் சாலிடோ பக்கம். அங்கே எடையைக் காரணம் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

லோபஸ் சண்டை அப்படி இல்லை. இந்தியாவில் ஞாயிறு காலை, பல் தேய்க்காமல் பார்த்த சண்டை அது. முதல் ஏழு ரவுண்டு லோமசென்கோ கையை நீட்டவே யோசித்தார். எட்டாவதில்தான் விழித்துக்கொண்டார். தோளில் காயம் இருந்தது என்றார்கள், பிறகு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். அது காரணமாக இருக்கலாம். உடம்பு சின்னது என்பது இல்லை. ஏனென்றால் அடுத்த வருடமே தன்னைவிடப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரமான மசயோஷி நகதானியை ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். அதே நகதானியை லோபஸால் பன்னிரண்டு ரவுண்டு ஆடித்தான் ஜெயிக்க முடிந்தது. 2018இல் ஹோர்ஹே லினாரஸ் ஒரு முறை கீழே தள்ளியும் எழுந்து வந்து பத்தாவது ரவுண்டில் ஈரலில் குத்து இறக்கி அவரை முடித்தவர் இதே ஆள்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. லைட்வெயிட்டுக்கு வரும் முன் 130 பவுண்டு வகுப்பில் அவர் ஆடிய ஆட்டத்தை எல்லோரும் மந்திர வித்தை என்கிறோம். வால்டர்ஸ், சோசா, மரியாகா, ரிகாண்டோ என்று வரிசையாக நாலு பேர் அடுத்த ரவுண்டுக்கு ஸ்டூலை விட்டு எழவே இல்லை. எனக்கும் புல்லரித்தது. ஆனால் அந்த நாலு பேரில் வால்டர்ஸும் மரியாகாவும் 126 பவுண்டு வகுப்பிலிருந்து மேலே வந்தவர்கள். ரிகாண்டோ 122இலிருந்து இரண்டு வகுப்பு தாண்டி வந்தவர், வயது 37. அன்று பெரிய பையன் யார்? லோமசென்கோ தோற்கும்போது எடுக்கிற தராசை, அவர் ஜெயிக்கும்போது ஏன் பரணில் போடுகிறோம்?

பனாமாக்காரர் ராபர்ட்டோ டுரானை இப்படித் தராசு தூக்கி அளக்க வேண்டியதில்லை. 1972 முதல் 1979 வரை அவர் லைட்வெயிட் சாம்பியன். பட்டம் இல்லாத சண்டையில் தன்னைத் தோற்கடித்த எஸ்டபன் டி ஹெசுஸை அதே எடையில் இரண்டு முறை நாக் அவுட் செய்து கணக்கை முடித்தார். பிறகு மேல் எடைக்குப் போய் 1980இல் ஷுகர் ரே லெனர்டை ஜெயித்தது வரவு. இன்னும் பெரிய எடைகளில் ஹேக்லரிடமும் ஹெர்ன்ஸிடமும் தோற்றதை அவருடைய லைட்வெயிட் கணக்கில் செலவாக எழுத மாட்டேன். லோமசென்கோவுக்கு 135இல் அப்படி ஒரு ஆட்சி அமையவில்லை. லினாரஸ், கேம்பெல் என்று நல்ல வெற்றிகள் உண்டு, ஆட்சி என்று சொல்ல மனம் வரவில்லை.

ஹேனி விஷயத்தில் நண்பனுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஹேனிக்கு 135 பிதுங்குகிற சட்டை, அதே வருடம் 140க்குப் போய்விட்டார். ஆனால் அன்று பத்தாவது, பதினோராவது ரவுண்டுகளில் பின்னால் போய்க்கொண்டிருந்தது அந்தப் பெரிய உடம்புதான். என் புள்ளிக் கணக்கில் லோமசென்கோ 115-113 என்று ஜெயித்தார். பத்தாவது ரவுண்டை ஹேனிக்குக் கொடுத்த அந்த நடுவர் எதைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

இதைப் படித்துவிட்டு அவன் ராத்திரி போன் பண்ணுவான். ரிகாண்டோவைப் பற்றிக் கேட்பேன். "அது வேறடா" என்பான்.