சாக்ஸில் வந்த ஓட்ஸ்

(பினாங்கு, ஆயர் ஈத்தாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வராந்தா. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் முனியாண்டி, பழைய பெயிண்ட் வாளியில் வளரும் புல்லுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டு லலிதா டீச்சர் துணி காயப்போட வருகிறார். டீச்சர் ஓய்வுபெற்றாலும் உயிரியல் பாடம் அவரிடமிருந்து ஓய்வுபெறவில்லை.)

டீச்சர்: என்ன அண்ணே, பசியாறியாச்சா?

முனியாண்டி: ஆச்சு டீச்சர். ஏன்?

டீச்சர்: புல்லுக்குக் குடை பிடிக்கிறீர்களே, வெறும் வயிற்று மயக்கமோ என்று கேட்டேன்.

முனியாண்டி: இது புல் இல்லை, காட்டு ஓட்ஸ். நம்ம ஊர் வெயில் அதற்கு ஆகாதாம். பெர்த்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கோதுமை வயல் ஓரமாக நடந்தேன். இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் சாக்ஸ் முழுக்க விதை.

டீச்சர்: ஐயையோ, வெளிநாட்டு விதைக்குப் பெர்மிட் வேண்டுமே!

முனியாண்டி: நானா கொண்டுவந்தேன்? அதுதான் என் சாக்ஸில் ஏறி வந்தது. பெர்மிட்டை அது எடுத்திருக்க வேண்டும்.

டீச்சர்: நல்ல நியாயம்! அங்கே கோதுமை விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுக்கிற களை அது. இங்கே நீங்கள் குடை பிடிக்கிறீர்கள்.

முனியாண்டி: டாக்டர்தான் காரணம். சோற்றைக் குறைத்து ஓட்ஸ் சாப்பிடச் சொல்லிவிட்டார். கடையில் விலையைப் பார்த்தேன், நாமே பயிர் பண்ணலாம் என்று தோன்றியது. முதலில் டின் ஓட்ஸைத்தான் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

டீச்சர்: ஆவியில் வேகவைத்து, உருளையில் நசுக்கி விற்கிற சாமான் எப்படி முளைக்கும்? அவலை விதைத்தால் நெல் வருமா?

முனியாண்டி: அதனால்தான் சாக்ஸ் விதை. அப்புறம் ஒரு சமாச்சாரம், வெளியே சொல்லிவிடாதீர்கள். இந்த விதைக்கு உயிர் இருக்கிறது.

டீச்சர்: எல்லா விதைக்கும் இருக்கிறதே.

முனியாண்டி: இது நடக்கிற உயிர்! மேசையில் கொஞ்சம் தேத்தண்ணி சிந்திவிட்டது. பக்கத்தில் கிடந்த விதை மெதுவாகப் புரண்டு, காலை நீட்டி, ஒரு சுற்று சுற்றியது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு சூடம் கொளுத்திவிட்டாள்.

டீச்சர்: அது கால் இல்லை, வால். நடுவில் மடங்கி, கீழ்ப்பாதி முறுக்கியிருக்குமே? ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படியே விதையைத் தள்ளித் தள்ளி மண் வெடிப்புக்குள் இறக்கிவிடும். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இந்த வாலை வைத்துக் காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி செய்யலாம் என்று 1665-லேயே எழுதிவிட்டார்.

முனியாண்டி: நாமும் ஒன்று செய்து மாட்டலாமே!

டீச்சர்: பினாங்கிலா? முள் 'ஈரம்' பக்கம் போய் உட்கார்ந்தால், அடுத்த பிறவியில்தான் எழுந்திருக்கும்.

முனியாண்டி: சரி, பயிரைப் பாருங்கள். எப்படித் தளதளவென்று வந்திருக்கிறது!

(டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓர் இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்குகிறார்.)

டீச்சர்: இலை தண்டை விட்டுப் பிரிகிற இடம்தான் அடையாளம். காட்டு ஓட்ஸுக்கு அங்கே வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். தண்டைப் பிடித்துக்கொள்ளும் காது இருக்காது.

முனியாண்டி: இதற்கு?

டீச்சர்: சவ்வு இருக்கிறது…

முனியாண்டி: நான்தான் சொன்னேனே!

டீச்சர்: காதும் இருக்கிறது. காதில் முடி வேறு.

முனியாண்டி: வயசானால் காதில் முடி வரத்தானே செய்யும்? எனக்கே இருக்கிறது.

டீச்சர்: அண்ணே, இது நெல்!

முனியாண்டி: நெல்லா? நான் போடவே இல்லையே!

டீச்சர்: வாளியில் வேறு யாராவது எதையாவது கொட்டினார்களா?

முனியாண்டி: (தலையைச் சொறிந்தபடி) சின்னவள் கல்யாணத்துக்கு மரக்காலில் வைத்த நெல்… கால் படாத இடத்தில் போட வேண்டும் என்று வீட்டுக்காரி எங்கேயோ கொண்டுபோனாள்.

டீச்சர்: எங்கேயோ இல்லை, இங்கேதான். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், நீங்கள் வயலே போட்டுவிட்டீர்கள்.

முனியாண்டி: அப்போ என் ஓட்ஸ்?

டீச்சர்: இதோ, ஓரத்தில் நோஞ்சானாக ஒன்று. காது இல்லை. இலையும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. இதுதான் உங்கள் ஆள்.

முனியாண்டி: கதிர் எப்போது தள்ளும்?

டீச்சர்: அதற்குக் குளிர்ச்சியும் வேண்டும், நீண்ட பகலும் வேண்டும். நமக்கு வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரப் பகல்தானே.

முனியாண்டி: ராத்திரியும் வராந்தா விளக்கை எரியவிட்டால்?

டீச்சர்: செடி ஏமாறலாம். பொது மின்சாரக் கட்டணம் பார்க்கிற குடியிருப்புக் கமிட்டி ஏமாறாது. அப்படியே கதிர் வந்தாலும், முற்றியதும் விதை தானாக உதிர்ந்துவிடும், நீங்கள் அறுக்கும்வரை காத்திருக்காது. உதிர்ந்தது மண்ணில் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு முளைக்கும். இப்போதே பிடுங்கிவிடுங்கள், களை.

முனியாண்டி: அழைக்காமல் வந்தது நெல். பிடுங்குவது ஓட்ஸையா?

டீச்சர்: ஆமாம். மிச்சத்துக்குத் தண்ணீர் தேங்க விடுங்கள். ஆனால் கொசு வந்தால் நான் பொறுப்பில்லை.

முனியாண்டி: அறுத்துக் குத்தினால் எவ்வளவு அரிசி தேறும் டீச்சர்?

டீச்சர்: இந்த வாளியிலா? மிஞ்சிப்போனால் ஒரு கைப்பிடி.

முனியாண்டி: அப்போ சரி. டாக்டர் சொன்ன அளவும் அதுதான்.