மேப்பில் பச்சை, கேட்டில் பூட்டு

அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். போனில் மேப்பைத் திறந்தேன். வீட்டிலிருந்து இருநூறு மீட்டரில் பளிச்சென்று ஒரு பச்சைத் திட்டு. இத்தனை வருஷம் கண்ணில் படவில்லையே என்று கிளம்பினோம். நடுவே ரயில் தண்டவாளம். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர். அம்மா சமையலை முடித்துவிட்டுக் கிளம்பியதால், நாங்கள் அங்கே போனபோது மணி பதினொன்று. பூங்கா பூட்டியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம்.

அன்றிலிருந்து எனக்கு மேப்பின் பச்சைமேல் நம்பிக்கை இல்லை.

சென்னையைச் சாட்டிலைட் படத்தில் பாருங்கள். கிண்டி தேசியப் பூங்கா மட்டுமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி ஆளுநர் மாளிகை, ஐஐடி. அடையாற்றின் முகத்துவாரம் பக்கம் தியசாபிகல் சொசைட்டி. கண் குளிர்ந்து போகும். ஆனால் கிண்டிக் காட்டுக்குள் நாம் வாக்கிங் போக முடியாது. போகவும் கூடாது, அது வெளிமானின் வீடு. அந்த மரங்களையெல்லாம் கூட்டி, ஊர் மொத்தத்துக்கும் தலைக்கு இவ்வளவு பசுமை என்று வகுத்தால், வடசென்னை வியாசர்பாடிக்காரருக்கும் கணக்கில் நிழல் கிடைத்துவிடும். தெருவில் கிடைக்காது.

நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கொனைனென்டைக் 2021இல் 3-30-300 என்று ஒரு விதி சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், பேட்டையில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் பூங்கா. நல்ல விதிதான். அந்த 300ஐக் காக்கை பறக்கிற தூரமாக அளக்காமல், அம்மா நடக்கிற தூரமாக அளக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தண்டவாளம், கால்வாய், பிளாட்பாரம் இல்லாத மெயின் ரோடு எல்லாம் சேர்த்து.

இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கேட் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், பெஞ்ச், குடிதண்ணீர், கழிப்பறை, ஒற்றை மரம்கூட. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி, நடந்து போகும்போதே இந்த விவரங்களைக் கேள்வி கேட்டு வாங்கிக்கொள்கிறது. பெரிய லேஅவுட்டில் ஓ.எஸ்.ஆர்., அதாவது பொதுவான திறந்தவெளி ஒதுக்கீடு என்று பத்தில் ஒரு பங்கு விடுகிறார்களே, உங்கள் பக்கம் அப்படி விட்ட இடம் முள்ளு மண்டிக் கிடந்தால் அதையும் உள்ளபடியே குறியுங்கள்.

"குறித்துவிட்டால் பூட்டு திறக்குமா?" என்று தம்பி கேட்டான். திறக்காது. ஆனால் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையில் "பூங்கா தூரம் சார்" என்று புலம்புவது வேறு, நடந்து வரக்கூடிய வீடுகள் எத்தனை என்று மேப்பைப் பிரின்ட் எடுத்து மேஜையில் வைப்பது வேறு. அடுத்த கூட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

போன வாரம் அந்தப் பூங்காவைப் பற்றி நோட்டில் எழுதி, மேப்பிலும் ஏற்றியது: காலை 5 முதல் 10, மாலை 4 முதல் 8. வேம்பு 6. பெஞ்ச் 4, நிழலில் இருப்பது 1. கழிப்பறை உண்டு, பூட்டு.

அம்மா இப்போதைக்கு மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறார்.