பல் பிடுங்கும் முன் கதிர்வீச்சைச் சொல்லுங்கள்
வாய்ப் புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சால் தாடை எலும்பு செத்துப்போவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் புண் இல்லாமல் கடந்துவிட்டால் பிறகு பயமில்லை என்று அது சொல்வதை ஏற்க முடியவில்லை. கும்பகோணத்தில் வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்த என் பெரியப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு இரண்டும் முடிந்து, தையல் நன்றாக ஆறி, குறுவை நடவுக்கு வயலில் இறங்கிவிட்டார். சில வருடம் கழித்து ஆடிய கடைவாய்ப் பல்லை, பழைய சிகிச்சையைப் பற்றி வாய் திறக்காமல், பக்கத்து ஊரில் போய்ப் பிடுங்கிக்கொண்டார். அந்தக் குழி மூடவே இல்லை. எலும்பு வெளியே தெரிந்தது. பிறகு தாடைக்குக் கீழே துளை விழுந்து, குடித்த கஞ்சி அதன் வழியே கசிந்தது. கதிர்வீச்சு எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. கீழ்த்தாடைக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆண்டுகள் போனாலும் ஆபத்து தீர்வதில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு எலும்பு இப்படிச் செத்துப்போகாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொரு வாசகர் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது (புகையிலையை விடவில்லை, அதற்கும் இதில் பங்கு உண்டு). கடைசியில் செத்த எலும்பை வெட்டியெடுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு கொண்டுவந்து தாடையில் பொருத்தினார்கள். கெட்ட பற்களைக் கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துக் குழியை ஆறவிட வேண்டும் என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.