ஹில்டா ஓக்டன் வெறும் 'வேலைக்காரக் கிழவி' இல்லை

நேற்று நம் நண்பர் ஒருவர் இங்கே போட்ட பட்டியலைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் வாழ்பவர்களின் கதையான 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் மறக்க முடியாத பாத்திரங்கள் என்று போட்டுவிட்டு முதலிடம் கென் பார்லோவுக்கு. சரி, அது அவர் விருப்பம். ஹில்டாவை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அந்த வேலைக்காரக் கிழவியா? வம்பு பேசுவதும் அழுவதும் தவிர அந்தத் தெருப் பெண்கள் என்ன செய்தார்கள்?" என்று பதில் வந்தது பாருங்கள், அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அந்தத் தெருவே பெண்களுடையதுதான். 1960 டிசம்பரில் தொடர் தொடங்கியபோது அதை எழுதிய டோனி வாரனுக்கு 24 வயது. அந்த இளைஞர் யாரை நடுவில் உட்கார வைத்தார்? தலையில் வலை கட்டிய ஈனா ஷார்ப்பிள்ஸை, புருஷன் துணையில்லாமல் பிள்ளைகளை வளர்த்த எல்சி டேனரை, ரோவர்ஸ் மதுக்கடையை ராணி மாதிரி ஆண்ட ஆனி வாக்கரை. கென் முதல் நாளிலிருந்து இருக்கிறார், மறுக்கவில்லை. இருப்பது வேறு, மனதில் நிற்பது வேறு.

ஹில்டா ரோவர்ஸில் தரை துடைப்பவர். தலையில் சுருள் உருளைகள், மேலே துணிக்கட்டு, வீட்டுச் சுவரில் மூன்று பறக்கும் வாத்துகள். 1984இல் கணவர் ஸ்டான் இறந்த பிறகு, அவருடைய பொருள்கள் இருந்த பொட்டலத்தைத் தனியாக உட்கார்ந்து பிரிக்கிறார். உள்ளே அவர் மூக்குக்கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு ஹில்டாவாக நடித்த ஜீன் அலெக்சாண்டர் உடைந்து அழுத அழுகையைத்தான் நீங்கள் "அழுவது தவிர" என்கிறீர்கள்.

நான் இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு பாட்டி, நெடுநாள் அலுவலகங்களைச் சுத்தம் செய்து பிழைத்தவர், என்னிடம் முகம் கொடுத்தே பேசமாட்டார். ஒரு நாள் மாலை ஹில்டாவைப் பற்றி அவராகவே தொடங்கினார். புருஷன் செத்தபோது வராத அழுகை, அந்தக் காட்சியைப் பார்த்த அன்றுதான் வந்ததாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னோடு பேசாத நாளே இல்லை.

"சீரியல்தானே, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், சீரியல்தான். 1987 கிறிஸ்துமஸ் அன்று ஹில்டா விடைபெற்றதைச் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்கள். 1998இல் டியர்ட்ரி என்ற பாத்திரம் செய்யாத குற்றத்துக்குச் சிறை போனபோது பிரதமர் டோனி பிளேர் வரை அதைப் பற்றிப் பேசினார்கள். அதே ஆண்டு வந்த ஹெய்லி, பிரிட்டிஷ் சீரியல்களில் நிரந்தரமாக இடம்பெற்ற முதல் திருநங்கைப் பாத்திரம். அதில் நடித்தவர் திருநங்கை இல்லையே என்ற குறை நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ராயும் ஹெய்லியும் சேர்ந்து வாழ்ந்ததைப் பார்த்து எத்தனை வீடுகளில் பேச்சு மாறியது!

பழைய தொடர், வேறு நாட்டுக் கதை என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

என்னைக் குத்தியது அந்த 'வேலைக்கார' என்ற சொல்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் விடிவதற்கு முன்னால் போய் அலுவலகத் தரையைத் துடைத்தவள். அது நம் ஆட்கள் பலருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்குக் கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். யாரையும் நட்பிலிருந்து நீக்கப் போவதில்லை. எதற்குச் சிரித்தீர்கள் என்று மட்டும் இங்கே எழுதிவிட்டுப் போங்கள்.