ஆர்வம் இல்லாமல் இல்லை

"அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வமே கிடையாது, 1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்துதான் மைதானத்துக்கு இழுத்தது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடைசெய்த அந்தச் சட்டம் வாய்ப்பைப் பெருக்கியது என்பது சரி. ஆர்வம் இல்லை என்பது தவறு.

கூடைப்பந்து பிறந்ததே 1891 டிசம்பரில். 1893 மார்ச்சில் ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரியின் மாணவிகள் அதை ஆடிவிட்டார்கள். 1896-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவிகள் பெர்க்லி பல்கலைக்கழக மாணவிகளை 2-1 என்று வென்றார்கள். (ஸ்கோர் தட்டச்சுப் பிழை இல்லை!) அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

பெண்களைக் கட்டிப்போட்டது 'பெண் உடம்பு தாங்காது, முரட்டு ஆட்டம் பெண்ணுக்கு அழகல்ல' என்ற நினைப்புதான். ஸ்மித்தில் ஆட்டத்தை அறிமுகப்படுத்திய செண்டா பெரென்சனே ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியைத் தாண்டக் கூடாது, எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது.

1920-களில் உடற்கல்வி ஆசிரியைகள் பலரே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை எதிர்த்தார்கள். ஆண்கள் விளையாட்டில் புகுந்த பணமும் வெறியும் இங்கேயும் வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அது வீண் பயமும் அல்ல. பதிலாக வந்தது 'ப்ளே டே'. பல கல்லூரி மாணவிகளைக் கலந்து அணி பிரிப்பார்கள், எந்தக் கல்லூரி ஜெயித்தது என்ற பேச்சே எழாது. அப்புறம் டீ, பிஸ்கட்.

ஐந்து பேர் முழுக் களத்திலும் ஓடி ஆடும் முறை கல்லூரிப் பெண்களுக்கு நிலையான விதியானது 1971-இல். அதாவது, அவர் சொல்லும் சட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு.